மறதி சம்மதமாகுமா? கார்டு கணக்கில் ஒரு தெரியாத சந்தா



மாதம் முடிந்ததும் கார்டு ஸ்டேட்மென்ட் வருகிறது. நம்மில் பலர் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். என்றாவது ஒரு நாள் வரி வரியாகப் படிக்கும்போது நடுவில் ஒரு வரி கண்ணில் படும். 499 ரூபாய். எதிரே ஒரு பெயர். அந்தப் பெயரில் ஒரு கடையும் நமக்குத் தெரியாது. போன மாத ஸ்டேட்மென்டை எடுத்தால் அதிலும் அதே வரி. அதற்கு முந்தைய மாதத்திலும் இருக்கிறது.

இதில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது, வங்கிக்கு ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒரு வரி நம்மிடம் பல கேள்விகளைக் கேட்கிறது. என் பொருளை என் பொருத்தம் இல்லாமல் ஒருவர் எடுத்தாரா? நானே பொருந்திக் கொடுத்துவிட்டு மறந்துபோனேனா? மறந்துபோன சம்மதம் இன்னும் சம்மதம்தானா? வங்கிக்கு நான் சொல்லப்போகும் சொல் உண்மையா? பிறர் பொருளை முறையில்லாமல் உண்பதைத் தடுத்து, இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்யும் வியாபாரத்தை ஆகுமாக்குகிறது நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம். நிக்காஹ், நிலம், நகை என்று பெரிய விஷயங்களில் இந்தப் பொருத்தத்தைக் கவனமாகப் பார்க்கிறோம். 499 ரூபாய் என்றால் விட்டுவிடுகிறோம்.

முதலில் விசாரிக்க வேண்டும். ஸ்டேட்மென்டில் வரும் பெயர் நாம் அறிந்த பெயராகவே இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. செயலிக்கு ஒரு பெயர், அதை நடத்தும் கம்பெனிக்கு வேறு பெயர், பணத்தை வாங்கிக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்துக்கு மூன்றாவது பெயர். ஐஃபோனில் ஒரு செயலிக்கு ஆப்பிள் வழியாகச் சந்தா கட்டினால் கணக்கில் ஆப்பிள் பெயர்தான் வரும். ஆண்ட்ராய்டில் கூகிள் வழியாகக் கட்டினால் கூகிள் பெயர் வரும். ஆகவே ஃபோனில் சந்தாக்களுக்கென்று இருக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வங்கிச் செயலியில் தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இருக்கும். யூ.பி.ஐ. செயலியில் ஆட்டோ பே என்ற பகுதி இருக்கும். தொகையையும் தேதியையும் வைத்து பழைய எஸ்.எம்.எஸ்.களிலும் மெயிலிலும் தேடுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காமல் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். வீட்டில் சத்தம் கிளம்புகிறது. "நீதானே என் ஃபோனை எடுத்து நோண்டுற" என்று மகனுக்கு ஏச்சு. "கண்ட லிங்கையும் அமுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று வயதான அத்தாவுக்கு ஏச்சு. ஓய்வூதியம் வாங்கும் ஒரு மனிதர், தன் பணம் போனதற்குத் தானே குற்றவாளிபோல் தலை குனிந்து நிற்கிறார். பிறகு தேடிப் பார்த்தால் அது ஏசியவரே போன ரமலானில் கிராஅத் கேட்பதற்காகப் போட்ட செயலியாக இருக்கும். ஹுஜுராத் அத்தியாயம் ஊகங்களைத் தவிர்க்கச் சொல்கிறது, வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அவற்றை ஊர் வம்புக்கு மட்டும் உரியவை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு 499 ரூபாய் வரி வீட்டுக்குள் உண்டாக்கும் ஊகம் எந்த ஊர் வம்புக்கும் குறைந்ததல்ல.

விசாரித்த பிறகும் அது யாருடையது என்று தெரியவில்லை, வீட்டில் ஒருவரும் செய்யவில்லை என்றால் அது திருட்டாக இருக்கலாம். அப்போது தாமதிக்கக் கூடாது. அன்றே கார்டை முடக்கச் சொல்லி வங்கியில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் தவறும் இல்லாமல் நம் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடியை, வங்கி தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் நாம் புகார் செய்துவிட்டால் நம் மீது எந்த இழப்பும் விழாது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. நான்கு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நாமும் சுமக்க வேண்டும். ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரை போனது நம்முடையது. சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண் இருக்கிறது. திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தும் சோம்பலில் விட்டுவிடுவது பொறுமையில் சேராது. நம்மிடம் 499 எடுக்க முடிந்தவன் அடுத்து ஒரு விதவையின் கணக்கில் கை வைப்பான்.

திருட்டு என்றால் வழி தெளிவாக இருக்கிறது. சிக்கல், அது நம்முடையதாகவே இருக்கும்போதுதான்.

ஒரு சகோதரர் பதினாறு மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு செயலியை ஏழு நாள் இலவசம் என்று எடுத்தார். கார்டு எண் கேட்டது, கொடுத்தார். ஓ.டி.பி. வந்தது, போட்டார். இரண்டு நாள் பார்த்தார், பிடிக்கவில்லை, செயலியை ஃபோனிலிருந்து நீக்கிவிட்டார். நீக்கினால் சந்தா நின்றுவிடும் என்று நினைத்தார். நிற்காது. செயலியை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. பதினாறு மாதம், ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய். இந்த எட்டாயிரத்தை அந்தக் கம்பெனி எடுத்தது ஹலாலா?

கம்பெனியின் பக்கத்தையும் நியாயமாகக் கேட்போம். அவர்களிடம் வலுவான வாதம் இருக்கிறது, அதை ஃபிக்ஹின் மொழியிலேயே சொல்லலாம். சந்தா என்பது வாடகை போன்றது. வாடகைக்கு வீடு எடுத்தவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் இருந்தாலும் வாடகை கடமைதான், ஏனென்றால் பயன்படுத்தும் வாய்ப்பு அவர் கையில் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. "நாங்களும் அவருக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தோம், அவர் வரவில்லை" என்பார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். இந்தியாவில் 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்பதும், வேண்டாம் என்றால் விலகும் வழியும் அதில் இருக்க வேண்டும். பதினாறு மாதம் என்றால் பதினாறு தகவல்கள். "ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, மௌனமாகத்தானே இருந்தார்?"

மௌனம் சம்மதமா? நம் முன்னோர்கள் இதை ஆழமாகப் பேசியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உஸ்மானிய ஆட்சி ஹனஃபி ஃபிக்ஹைச் சட்டப் பிரிவுகளாகத் தொகுத்தது. மஜல்லா என்று அதைச் சொல்வோம். அதன் 67ஆம் பிரிவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. வாய் திறக்காதவர் பேசியதாக யாரும் கணக்கு வைக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். பேசியே ஆக வேண்டிய இடத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் பேச்சாகிவிடும் என்பது மறு பக்கம். கம்பெனி இரண்டாவது பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேச வேண்டிய இடம் இது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தால்தானே அவருடைய மௌனத்துக்குப் பொருள் உண்டு? ஒரு நாளைக்கு நாற்பது எஸ்.எம்.எஸ். வரும் ஃபோனில், லோன் வேண்டுமா என்ற செய்திக்கும் ஆஃபர் முடிகிறது என்ற செய்திக்கும் நடுவில், அறியாத பெயரில் வந்த ஒரு வரியை அவர் படிக்கவே இல்லை. படித்து, புரிந்து, போகட்டும் என்று விட்டிருந்தால் அது சம்மதம். படிக்காமல் விட்டதில் அவருடைய கவனக்குறைவு இருக்கிறது, மறுக்கவில்லை. கவனக்குறைவுக்குச் சம்மதம் என்று பெயர் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவில், வாடகைப் பாடத்தில், ஒரு மஸ்அலா வருகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது, இந்தச் சந்தாவுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஒருவர் மாதத்துக்கு ஒரு திர்ஹம் என்று வீடு எடுக்கிறார், மொத்தம் எத்தனை மாதம் என்று பேசவில்லை. அந்த ஒப்பந்தம் முதல் மாதத்துக்குத்தான் செல்லும். இரண்டாவது மாதம்? அது பிறந்ததும் அவர் சிறிது நேரம் அங்கே குடியிருந்தால் அந்த மாதத்துக்கும் ஒப்பந்தம் உறுதியாகிவிடும். கவனியுங்கள் சகோதரர்களே, புதிய மாதத்தை அவர் தலையில் ஏற்றுவது எது? அவர் அங்கே குடியிருந்த செயல். இருவரும் வாய் திறக்கவில்லை, ஆனால் அவர் தங்கியிருப்பதே அவருடைய பொருத்தத்தைக் காட்டிவிடுகிறது. நம் பதினாறு மாதச் சகோதரரிடம் அந்தச் செயல் எங்கே? மூன்றாவது நாளே அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். சாவியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்காரருக்கு அவர் போனது தெரியாது என்று சொல்ல முடியாது. யார் எப்போது கடைசியாக உள்ளே வந்தார் என்று நொடிக்கணக்கில் குறித்து வைக்கும் வீட்டுக்காரர் இவர். ஆளில்லாத வீடு என்று தெரிந்துகொண்டே மாதாமாதம் அவர் பையில் கை விட்டிருக்கிறார்.

இது ஃபத்வா அல்ல, பழைய மஸ்அலாவை வைத்து நான் செய்யும் யோசனை. வேறு விதமாகச் சொல்லும் ஆலிம்களும் இருக்கலாம். ஆனால் மறதி என்பது ஏதோ நடந்துபோன விபத்து, கம்பெனிக்கு அதில் பங்கில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஐனாவ், குளோபாக், மஹோனி என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கார்டு காலாவதியாகியோ தொலைந்தோ புதிய கார்டு வரும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். பழைய கார்டில் பணம் எடுக்க முடியாது, எனவே வாடிக்கையாளர் புதிய எண்ணைக் கொடுத்தால்தான் சந்தா தொடரும். அதாவது "உங்களுக்கு இது வேண்டுமா" என்று மறுபடியும் கேட்ட மாதிரி ஆகிறது. கேட்ட அந்த மாதத்தில் விலகுகிறவர்கள் பளிச்சென்று கூடினார்கள். கேட்காத மாதங்களில் அவர்களே அமைதியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளரின் கவனமின்மையால் மட்டும் கம்பெனிகளின் வருமானம் 14 சதவீதம் முதல் 200 சதவீதத்துக்கு மேல் வரை கூடுகிறது என்று கணக்கிட்டார்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், ஆகவே கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம் என்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் வைப்பீர்கள்?

அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள், விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். ஈரமான தானியத்தை விற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதை எங்கே வைத்தாய் என்பதே அங்கே கேள்வி. "ஏழு நாள் இலவசம்" என்ற சொல் பெரிய எழுத்தில் மேலே இருக்கிறது. எட்டாவது நாளிலிருந்து மாதம் 499 என்ற ஈரம் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் இருக்கிறது. உள்ளே வர ஒரு தொடுதல் போதும், வெளியேறும் கதவைத்தான் தேட வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 ஜூனில் அமேசான் மீது பிரைம் சந்தா தொடர்பாக வழக்குப் போட்டது. சந்தாவை ரத்து செய்யும் பாதைக்குக் கம்பெனிக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று ஆணையம் தன் மனுவில் சொன்னது. ட்ரோஜன் போரைப் பாடும் கிரேக்கர்களின் நீண்ட காவியத்தின் பெயர் அது. நான்கு பக்கங்கள், ஆறு கிளிக்குகள், பதினைந்து தேர்வுகள் என்று மனு எண்ணிக் காட்டியது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது, அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் பதின்மூன்று ஏமாற்று முறைகளைப் பட்டியலிட்டன. சந்தாப் பொறி அதில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இங்கே வியாபாரம் செய்யும் சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜிம், டியூஷன், மென்பொருள், ஏன், ஆன்லைன் குர்ஆன் வகுப்புகூட இப்போது மாதச் சந்தாவில்தான் ஓடுகிறது. மூன்று மாதமாக வகுப்புக்கு வராத பிள்ளையின் பெயரில் பணம் மட்டும் வந்துகொண்டிருந்தால், அந்தப் பெற்றோருக்கு ஒரு ஃபோன் செய்து "பிள்ளை வரவில்லையே, தொடரட்டுமா" என்று கேளுங்கள். சிலர் நிறுத்திவிடுவார்கள். வருமானம் குறையும். குறைகிற அந்தத் தொகைதான் பொருத்தம் இல்லாமல் வந்துகொண்டிருந்த தொகை.

சரி, கம்பெனி செய்தது சரியில்லை. அப்படியானால் வங்கிக்கு ஃபோன் செய்து, "இந்த டிரான்சாக்ஷனை நான் செய்யவே இல்லை" என்று சொல்லிவிடலாமா? நம் பிள்ளைகள் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். "ஃபிராடுன்னு போடுங்கத்தா, மொத்தப் பணமும் வந்துரும்." வரவும் செய்யும். இந்த இடத்தில்தான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது.

வங்கி கேட்கும் கேள்வி எளிமையானது. நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா, இல்லையா? பதினாறு மாதத்துக்கு முன் கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் போட்டது இதே கைதான். "இல்லை" என்ற கட்டத்தில் தொட்டால் அது சாட்சியம். எதிரே நீதிபதி உட்காராததால் அது சாட்சியம் இல்லை என்று ஆகிவிடாது. அதை நம்பித்தான் ஒருவரிடமிருந்து பணத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். கார்டு வியாபாரத்தில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, 'நட்பு மோசடி'. பெயரில்தான் நட்பு. பணம் திரும்புவதோடு, தகராறுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகையும் விற்றவர் தலையில் விழுகிறது. பெரிய கம்பெனிக்கு அது தூசு. ஆனால் அந்தப் படிவம் பெரிய கம்பெனி, சின்ன ஆள் என்று பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து முப்பது பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஓர் ஆலிமாவின் மீதும் அதே கட்டம்தான் தொடப்படுகிறது. வாதத் திறமையால் ஒருவர் தனக்கு உரியதல்லாத தீர்ப்பை என்னிடம் வாங்கிப் போனால், அவர் வாங்கிப் போவது நெருப்பின் ஒரு துண்டு என்று நபியவர்கள் எச்சரித்த ஹதீஸ் நமக்குத் தெரியும். நபியே தந்த தீர்ப்பு ஹராமை ஹலாலாக்காது என்றால், வங்கியின் கால் சென்டர் தரும் தீர்ப்பு ஆக்குமா?

"அவன் ஏமாற்றினான், நானும் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்" என்பது பதில் ஆகாது. அவன் பொய் அவன் ஏட்டில், நம் பொய் நம் ஏட்டில். நல்ல விஷயம் என்னவென்றால், பொய் சொல்ல அவசியமே இல்லை. விசா, மாஸ்டர்கார்டு ஏற்பாட்டிலேயே 'நான் செய்யாதது' என்பதற்கு ஒரு வகை, 'ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள்' என்பதற்கு வேறு வகை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கொடுத்த தானியங்கி அனுமதியையும் நீக்குங்கள். பிறகு கம்பெனிக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இந்தத் தேதியில் இலவசம் என்று சேர்ந்தேன், இந்தத் தேதிக்குப் பிறகு ஒரு முறையும் பயன்படுத்தவில்லை, உங்கள் பதிவேட்டிலேயே அது இருக்கும், ரத்து செய்யவும் மறந்துவிட்டேன், பயன்படுத்தாத மாதங்களின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இப்படி எழுதினால் பல இடங்களில் கடைசி ஒன்று இரண்டு மாதத்தையாவது தருவார்கள். முழுவதும் தராமல் போகலாம். மறுத்தால் 1915 இருக்கிறது. உண்மையைச் சொல்லி ஆயிரம் ரூபாய் மட்டும் திரும்பக் கிடைத்தவர், பொய் சொல்லி எட்டாயிரம் வாங்கியவரைவிட ஏழாயிரம் குறைவாகத்தான் வைத்திருப்பார். அந்த ஏழாயிரத்தின் வலி உண்மையானது, அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிப்பவருக்கு அது பெரிய பணம்.

பிள்ளை செய்ததாகத் தெரிந்தால்? எட்டு வயதுப் பையன் அத்தாவின் ஃபோனில் விளையாட்டுக்குள் எதையோ தொட்டுச் சந்தாவில் சேர்ந்துவிட்டான். இங்கே நம் இரண்டு மத்ஹபுகளும் வேறு வேறு வழியில் போகின்றன. பருவமடையாத பிள்ளை செய்த வியாபாரம் ஷாஃபியில் செல்லவே செல்லாது. ஹனஃபியில், விவரம் தெரிந்த பிள்ளை என்றால், பொறுப்பாளரின் அனுமதிக்காக அது காத்திருக்கும். ஆக எப்படிப் பார்த்தாலும் தகப்பன் ஒப்புக்கொள்ளாதவரை அது முழுமையாகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், 'என் பிள்ளை செய்துவிட்டான்' என்று சொல்லியே கேட்கலாம். ஆனால் பாஸ்வேர்டை அவனிடம் சொல்லிக் கொடுத்து, 'வேண்டியதை வாங்கிக்கோ, என்னைத் தொந்தரவு பண்ணாதே' என்று ஃபோனை நீட்டியது தகப்பன் என்றால், அது அனுமதி. பிறகு அவனை அடிப்பதில் அர்த்தமில்லை.

சிலர் பெருந்தன்மையாகச் சொல்வார்கள்: "499 தானே ஹஜ்ரத், மாப்பு பண்ணிட்டேன்." மாஷா அல்லாஹ், உங்கள் பணம் என்றால் உங்கள் உரிமை. ஆனால் அந்தக் கார்டு உங்கள் கம்பெனியுடையது என்றால்? கூட்டாளி இருக்கும் கடையின் கணக்கு என்றால்? நம் ஜமாஅத்துகள் பலவற்றில் இப்போது கணக்கு மென்பொருள், இணைய மீட்டிங், வீடியோ ஒளிபரப்பு என்று பள்ளிவாசல் கணக்கிலிருந்தே சந்தாக்கள் போகின்றன. பழைய நிர்வாகம் போட்டது, புதிய நிர்வாகத்துக்குத் தெரியாது. வக்ஃபு பணத்தில் ஒரு ரூபாயைக்கூட மாப்பு செய்ய முத்தவல்லிக்கு உரிமை இல்லை. அவர் தேடித்தான் ஆக வேண்டும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதைவிடக் கனமான ஓர் இடம் இருக்கிறது. ஒரு வீட்டில் தகப்பன் மௌத்தாகிவிட்டார். மனைவி இத்தாவில் இருக்கிறார், பிள்ளைகள் இரண்டும் சிறுசு. அவருடைய ஃபோன் அலமாரியில் அணைந்து கிடக்கிறது. ஆனால் அவர் போட்ட சந்தாக்கள் அணையவில்லை. ஒன்றாம் தேதி ஒன்று, ஐந்தாம் தேதி ஒன்று, பதினெட்டாம் தேதி ஒன்று. வங்கிக்கு இறப்பைத் தெரிவிக்காதவரை இது நடந்துகொண்டே இருக்கும். இப்போது அந்தக் கணக்கில் இருப்பது அவருடைய பணம் அல்ல. கடன், வஸிய்யத் போக, வாரிசுகளின் பணம். அதில் யத்தீம்களின் பங்கு இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் அதைச் செய்தவரின் மரணத்தோடு முடிந்துவிடும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். ஷாஃபியில் ஒப்பந்தக் காலம் முடியும் வரை அது நிற்கும், வாரிசுகள் அவருடைய இடத்துக்கு வருவார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், கட்டிய மாதம் முடிந்த பிறகு அடுத்த மாதத்தைப் புதுப்பித்தவர் யார்? மையித்தா?

இங்கே குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஃபாத்திஹா, விருந்து என்று ஓடுவதற்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து, மையித்தின் கணக்கில் தானாகப் போகும் பணங்கள் எவை என்று பார்த்து, இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மௌத்துக்குப் பிறகு போன தொகைகளை, தேதி போட்டு, திருப்பிக் கேட்க வேண்டும். அவருடைய கார்டையும் பின் நம்பரையும் வைத்து வீட்டார் பணம் எடுப்பதும் இதே கணக்கில்தான் வரும். நல்ல எண்ணத்தில் செய்தாலும், பங்கு பிரிவதற்கு முன் யாருடைய பங்கிலிருந்து எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுக்கிறோம்.

கடைசியாக ஒரு மஸ்அலா, இதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் வங்கியிலும் புகார் செய்தீர்கள், கம்பெனிக்கும் எழுதினீர்கள். மோசடிப் புகார் என்றால் பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று அதே 2017 சுற்றறிக்கை சொல்கிறது. வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து கம்பெனியும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. போனது ஒரு 499, வந்தது இரண்டு 499. இரண்டாவது உங்களுடையது அல்ல. வங்கிக்கு ஃபோன் செய்து, கம்பெனி பணம் தந்துவிட்டது, என் புகாரை முடித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர், "பரவாயில்லை சார், சிஸ்டம்ல எதுவும் காட்டல, விட்டுடுங்க" என்று சொல்லக்கூடும். அது அவருடைய பணம் இல்லை, மாப்பு செய்ய அவருக்கும் உரிமை இல்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். பதில் வரும் வரை அந்த 499 ரூபாயைச் செலவழிக்காமல் கணக்கில் அப்படியே வைத்திருங்கள்.